வலப்பக்கத்து நாற்காலி

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே அதிராம்பட்டினத்தில் என்னைப் பைலட் ஆக்கிவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒரு காக்கா (எங்கள் வழக்கில் அண்ணன்) பக்கத்தில் வந்து, துபாய் டிக்கெட் எப்போது விலை இறங்கும் என்று கேட்பார். கம்பெனி என்னைப் பைலட் என்று ஒப்புக்கொள்ள அதற்குப் பிறகும் நெடுநாள் பிடித்தது. அந்த இடைக்காலத்தைத்தான் ஊரில் எவருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. “படிச்சு முடிச்சாச்சு, வேலையும் கெடச்சாச்சு, இன்னும் என்ன வாப்பா ட்ரெய்னிங்கு?” என்று உம்மா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் ஊர் சபுராளிகளின், அதாவது வெளிநாடு போய்ப் பிழைப்பவர்களின், ஊர். வாப்பாவைப் பெற்றவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். வாப்பாவும் சாச்சாமார்களும் விமானம் ஏறி வளைகுடாவுக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாகப் பயணிகளாகவே போய்வந்த குடும்பத்தில், ஓட்டுகிற பக்கம் போய் உட்கார ஆசைப்பட்ட முதல் ஆள் நான். தஞ்சாவூரில் ஓடுபாதை உண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்டது. ஒரு காலத்தில் வாயுதூத்தின் சின்ன விமானங்கள் சென்னையிலிருந்து அங்கே வந்துபோனதைப் பெரியவர்கள் சொல்வார்கள். அது நின்றுபோய், இடம் விமானப்படையோடு இருக்கிறது. 2020 ஜனவரியில் சுகோய் படைப்பிரிவும் வந்துவிட்டது. ஆக, எங்கள் பக்கத்துக்காரனுக்கு விமானம் என்றால் திருச்சிதான்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணியாவது நாமே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் செஸ்னா மாதிரி ஒற்றை எஞ்சின் விமானம். ரேடியோ பேசுவதும் நாம், வரைபடம் பார்ப்பதும் நாம், தவறைக் கண்டுபிடிப்பதும் நாம். அதாவது ஒருவனைத் தனியாக இருக்கப் பழக்குகிற படிப்பு. கம்பெனிப் பயிற்சி இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் சேர்ந்தது 2018 தொடக்கத்தில். சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் முதல் விமானம் சிம்லா – டில்லி இடையே 2017 ஏப்ரல் 27 அன்று பறந்தது. சேலத்துக்கு 2018 மார்ச்சில் சேவை வந்தது. சின்ன ஊர்களுக்கு ஏ.டி.ஆர். 72 ஓட்டும் கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. எழுபது பேர் உட்காரும் இரட்டைப் புரொப்பெல்லர் விமானம். கூடப் படித்த பாதிப் பேர் ஜெட்டுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குக் காத்திருக்க வசதியில்லை. உரிமம் வாங்கவே தென்னந்தோப்பில் பாதி போயிருந்தது. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தகுதி பெறுவதற்கு ‘டைப் ரேட்டிங்’ என்று பெயர். பல கம்பெனிகளில் அந்தச் செலவும் புதிதாகச் சேருகிறவன் தலையில்தான். கூடவே இத்தனை வருஷம் ஓடிப்போகமாட்டேன் என்று பாண்டு. கையெழுத்துப் போடும்போது வாப்பா கேட்டார்: “இவ்வளவு குடுத்துட்டு, அவுங்களுக்கே நம்ம எழுதியும் குடுக்கணுமா?” சரியான கேள்வி. பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆரம்பத்தில் பல வாரங்கள் விமானத்தைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். ஏ.சி. அறை, புரொஜெக்டர், ஃபைல் ஃபைலாகக் காகிதம். அபாயகரமான சரக்கு பற்றிய வகுப்பில் ஒருநாள் பட்டியலை வாசித்துக்கொண்டு போனார்கள். பெயின்ட், பேட்டரி, பூச்சிமருந்து என்று வந்த வரிசையில் கொப்பரைத் தேங்காய். ஐ.நா. எண் 1363, வகுப்பு 4.2, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. எங்கள் வீட்டுத் திண்ணையில் மலைபோல் குவித்து அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். சபுர் போகிறவர் பெட்டியில் உம்மாமார்கள் எதையெல்லாம் அமுக்கி வைப்பார்கள் என்று தெரிந்தவன் என்பதால், அந்த வகுப்பில் நான் ஒருவன்தான் உண்மையிலேயே கலங்கிப்போனேன் என்று நினைக்கிறேன்.

நீச்சல்குளத்தில் உயிர்காப்புச் சட்டையோடு குதித்து மிதவையில் ஏற வேண்டும். தீயணைக்க வேண்டும், புகையறைக்குள் தவழ்ந்து வெளியே வர வேண்டும். இதெல்லாம் வேடிக்கையான நாள்கள், கேபின் குழுப் பெண்களும் பையன்களும் கூடவே இருப்பார்கள், சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்விடும். கஷ்டம் விடுதி அறையில் இருந்தது. காக்பிட்டின் முழு அளவு படத்தைச் சுவரில் ஒட்டி, முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எந்தச் சுவிட்சுக்குப் பிறகு எந்தச் சுவிட்ச் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரன் கேட்டு மறுமொழி தர வேண்டும். கைமறதிகூட மன்னிக்கப்படும், வாய்மூடி இருந்தது மன்னிக்கப்படாது.

ஏ.டி.ஆர். விமானத்துக்கென்று சில குணங்கள் உண்டு. பெரிய ஜெட்களின் வாலில் இருக்கும் துணை எஞ்சின் இதற்குக் கிடையாது. தரையில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, அதிலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பார்கள். ‘ஹோட்டல் மோடு’ என்று பெயர். பயணிகளுக்குப் பின்பக்கக் கதவு, சரக்குக்கு முன்பக்கம். 25,000 அடிக்கு மேல் ஏறாது. இந்தக் கடைசி விஷயம்தான் வேலையின் தன்மையையே தீர்மானிக்கிறது. ஜெட்காரர்கள் 36,000 அடியில் மேகத்தின் தலைக்கு மேலே வெயிலில் போவார்கள். நாங்கள் போவது மேகம் இருக்கும் இடத்திலேயே. நம் பக்கத்து வானத்தில்கூடச் சுமார் 16,000 அடியில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேலே ஈரமேகத்துக்குள் போனால் இறக்கையில் பனி படியும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் ரோஸ்லான் என்ற ஊருக்கருகே ஒரு ஏ.டி.ஆர். 72 அப்படித்தான் விழுந்து 68 பேர் இறந்தார்கள். கேப்டன் பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பனி படிகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். துறைமுகத்தில் மீன்பெட்டிக்கு உடைத்துப் போடும் ஐஸ் பார் தவிர வேறு பனி அறியாத என்னை, பனியை எண்ணிப் பயப்படப் பழக்கியது இந்த வகுப்புதான்.

குழுவாக வேலை செய்வது பற்றிய பாடத்தை எடுத்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. வந்ததும் மங்களூர் என்று பலகையில் எழுதினார். 2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததே. தெரியாததை அவர் விசாரணை அறிக்கையிலிருந்து சொன்னார். பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் உறங்கியிருக்கிறார். விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த முதல் அதிகாரி அதைக் கண்டுபிடித்து, இறங்க வேண்டாம், திரும்ப மேலே போகலாம் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். கேப்டன் இறக்கிக்கொண்டே போனார்.

வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மற்றவர்கள் விமானியை நினைத்திருப்பார்கள். எனக்கு, அந்த விமானத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த சபுராளிகள்தான் கண்ணில் வந்தார்கள். ஊருக்கு வருகிற சந்தோஷத்தில் உறங்காமல் வந்திருப்பார்கள், சாச்சா அப்படித்தான் வருவார். “மூன்று தடவை சொன்னாரே, அதற்கு மேல் என்ன சார் செய்ய முடியும்?” என்று ஒருவன் கேட்டான். அதிகாரி திருப்பிக் கேட்டார்: “நீ மூணு தடவை சொல்வியா? உண்மையைச் சொல்லு.”

அந்தக் கேள்விக்குள்தான் எங்கள் பயிற்சி முழுக்க அடங்கியிருந்தது. ஊரில் பெரியவர் நின்றால் நாமும் எழுந்து நிற்க வேண்டும். வாப்பா ஒரு விலை சொல்லிவிட்டால் கடைப்பையன் தெரிந்தாலும் திருத்தமாட்டான். ஆள் போன பிறகு காதோடு சொல்வான். இது எங்கள் தெருவுக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல, தஞ்சை மாவட்டம் முழுக்க இதுதான். காக்பிட்டில் ஆள் போன பிறகு சொல்ல நேரமில்லை. இருபது வருஷம் பறந்தவர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். வேகம் குறைகிறது என்று, 200 மணி நேரக்காரனாகிய நான், அந்த நொடியிலேயே, அவருக்குக் கேட்கிற சத்தத்தில் சொல்ல வேண்டும். “சார், அநேகமா கொஞ்சம்…” என்று இழுத்தால் அதிகாரி மேசையைத் தட்டுவார். ஒரே சொல். “ஸ்பீட்.” அவ்வளவுதான். கேப்டன் “செக்டு” என்று சொல்லிச் சரிசெய்வார், இரண்டு பேருக்கும் அதில் மானக்கேடு எதுவும் இல்லை. முறைப்படி இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றால், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் இருக்கிற விதி. படிக்கும்போது எளிது.

சிமுலேட்டர் பயிற்சிக்குச் சிங்கப்பூர் அனுப்பினார்கள். செலத்தாரில் ஏ.டி.ஆர். கம்பெனியின் பயிற்சி மையம் இருக்கிறது. வீட்டில் இதைச் சொன்னபோது உம்மாவுக்கு முதன்முறையாக என் படிப்பு புரிந்தது. சிங்கப்பூர் என்றால் எங்கள் ஊரில் அடுத்த தெரு. அது ரமலான் மாதம். சிமுலேட்டர்கள் நாள் முழுக்க ஓடும். பகல் நேரத்தைப் பெரிய ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, நள்ளிரவுக்கு மேலான நேரத்தைப் புதியவர்களுக்குத் தருவார்கள். மற்ற வீடுகளில் சஹர் சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில் எனக்கு எஞ்சின் தீப்பிடிக்கும். பயிற்றுநர் முதல்நாளே சொல்லிவிட்டார், சிமுலேட்டர் உள்ள நாள்களில் நோன்பு வேண்டாம் என்று. பயணிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, பிறகு நோற்றுக்கொள்ளலாம். ஆனாலும் மாலையில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் சூலியா பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கிக் குடித்தேன். 1826இல் நம் சோழமண்டலக் கரை வியாபாரிகள் கட்டிய பள்ளி. அங்கே பேச்சுக்கொடுத்த ஒரு பெரியவர் எந்த ஊர் என்றார், சொன்னேன். என்ன வேலை என்றார். படிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த வாரத்தில் பைலட் என்று சொல்லிக்கொள்ளும் தைரியம் எனக்கில்லை.

சிமுலேட்டர் என்பது அசையும் கால்களில் நிற்கும் அறை. உள்ளே போனால் காக்பிட். அசைவும் சத்தமும் ஜன்னல் காட்சியும் உண்மைபோல. தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் ஒரு எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், கால் தானாக மிதிக்கும், கை உடனே ஏதாவது செய்யத் துடிக்கும். அந்தக் கையைக் கட்டுவதுதான் பாடம். எந்த எஞ்சின் என்று ஓட்டுகிறவர் சொல்ல வேண்டும். மற்றவர் அந்த லிவரில் கையை வைத்து “கன்ஃபர்ம்?” என்று கேட்க வேண்டும். முதலாமவர் கண்ணால் பார்த்து “கன்ஃபர்ம்டு” என்ற பிறகுதான் இழுக்க வேண்டும். இது என்ன நாடகம் என்று தோன்றிய நாளில் தைப்பே விபத்தைக் காட்டினார்கள். 2015 பிப்ரவரி 4, டிரான்ஸ்ஏசியா, நாங்கள் படித்துக்கொண்டிருந்த அதே ஏ.டி.ஆர். 72-600. வலப்பக்க எஞ்சினின் புரொப்பெல்லர் தானாக முடங்கியது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க எஞ்சினை நிறுத்திவிட்டார். மேம்பாலத்தில் இறக்கை உரசி ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு அந்த விமானம் பத்திரமாகப் பறந்திருக்கும்.

பின்னால், 2023 ஜனவரியில், பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸ் ஏ.டி.ஆர். விழுந்து 72 பேர் இறந்தபோது விசாரணையில் தெரியவந்ததும் ஒரு கை பற்றியதுதான். ஃபிளாப் லிவரை இழுப்பதாக நினைத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு லிவர்களை நகர்த்தியிருக்கிறார்கள். இரண்டு புரொப்பெல்லரும் உந்துவிசை இழந்தன. அங்கே ஓட்டியவர், பார்த்தவர் இருவருமே கேப்டன்கள். செய்தியைப் படித்த அன்று என் கண் மறுபடி மறுபடி அந்த லிவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

சிமுலேட்டர் தேர்வு, நிஜ விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி, உரிமத்தில் ஏ.டி.ஆர். என்று ஏற்றிக்கொள்ள டில்லிக்குக் காகிதம். அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வாடகை கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு லைன் ட்ரெய்னிங். பயணிகள் இருக்கிற சாதாரணச் சேவையில், பயிற்சி கொடுக்கும் கேப்டனுக்குப் பக்கத்தில் வலப்பக்கத்து நாற்காலி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சட்டை தேய்த்து, மதுவுக்கான மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதிவிட்டுக் கிளம்ப வேண்டும். (“ஒனக்கு எதுக்குடா அது?” என்று சாச்சா கோபப்பட்டார். எல்லோருக்கும்தான், சாச்சா.) ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு செக்டர்; ஒரு நாளில் நாலு செக்டர், ஆறு செக்டர். ஏறி, அறிவிப்பு முடிவதற்குள் இறங்க ஆயத்தம் செய்ய வேண்டிய தூரங்கள். ஜெட்டில் போன நண்பன் ஒரு வாரத்தில் இறங்குகிற அளவை நாங்கள் இரண்டு நாளில் இறங்கிவிடுவோம். தூத்துக்குடி ஓடுபாதை அப்போது சுமார் 1,350 மீட்டர்தான். அங்கே புதியவன் கையில் விடமாட்டார்கள், பார்த்துச் சொல்வதோடு சரி.

ஏ.டி.ஆரில் இன்னொரு சங்கதி. தரையில் முன்சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடி கேப்டன் பக்கம் மட்டுமே இருக்கும். ஆகவே நாம் ஓட்டுகிற முறை வந்தாலும், ஓடுபாதையில் எழுபது நாட் வேகம் வரை திசை பார்ப்பவர் அவர்தான். “செவன்டி நாட்ஸ்” என்ற குரலுக்குப் பிறகு விமானம் நம் கைக்கு வரும். இறங்கி எழுபதுக்குக் குறைந்ததும் திரும்ப அவரிடம் போய்விடும். வாப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப எடுக்குறதும் அவரு, நிறுத்துறதும் அவரு. நடுவுல நீயா?” என்றார். ஆமாம் என்றேன். “அது போதும், பெரிய வேலைதான்” என்றார்.

அந்த 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. எங்கள் ஊரில் வானிலைத் துறையின் ஆய்வு நிலையம் இருக்கிறது. சின்ன வயதில் ரேடியோவில் மழையளவு வாசிக்கும்போது ஊர்ப் பெயர் வந்தால் வீடே திரும்பிப் பார்க்கும். 15ஆம் தேதி இரவு நான் வேறு மாநிலத்தில் ஒரு ஓட்டல் அறையில் இருந்தேன். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி மேற்கே போகிறது என்று தெரிந்தது. அதன் பாதையில் எது எது இருக்கிறது என்று எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை. விடியும்போது வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. காலை ரிப்போர்ட்டிங் நேரத்தில் கேப்டன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: இன்று பறக்கத் தகுதியாக இருக்கிறாயா? அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆம் என்பார்கள். லைன் ட்ரெய்னிங்கில் ஒரு நாள் போனால் பயிற்சியிலிருந்து ரிலீஸ் ஆவது தள்ளிப்போகும், ரிலீஸ் தள்ளினால் முழுச் சம்பளம் தள்ளும். ஊர் விஷயத்தைச் சொன்னேன். இல்லை சார் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரோஸ்டர் அறைக்குப் போன் செய்து மாற்று ஆள் கேட்டார். வேகம் குறைந்ததைச் சொல்வதுபோல்தான் இதுவும் என்று பின்னால் ஒருநாள், சாப்பிடும்போது, போகிற போக்கில் சொன்னார்.

ஊருக்குப் போக வழி திறந்ததும் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. வீட்டில் எல்லோரும் நலம். தோப்பில் விற்காத பாதி விழுந்திருந்தது, என் படிப்புக்காக விற்ற பாதியும் விழுந்திருந்தது. “வித்தது நல்லதாப் போச்சுண்டு ஆயிடுச்சு” என்று வாப்பா சொல்லிவிட்டு, வேலிக்கு அப்பால் பார்த்தார். வாங்கியவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் அன்று முழுக்க ஒரே ரம்பத்தை மாற்றி மாற்றி வாங்கி மரம் அறுத்தார்கள். நானும் அறுத்தேன்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் செக் முடிந்து ரிலீஸ் ஆனேன். விழா எதுவும் கிடையாது. ஒரு படிவத்தில் கையெழுத்து, மறுநாள் ரோஸ்டரில் பயிற்சி என்ற குறி இல்லாமல் பெயர். அன்றைக்கு உடன் வந்த கேப்டன் அதிகம் பேசாதவர். இரண்டாவது செக்டரில் இறங்கும்போது வேகம் கொஞ்சம் சரிந்தது, சொன்னேன், “செக்டு” என்றார். பயணிகள் இறங்கிப் பெட்டி எடுக்கப் போனார்கள்.

போன மாதம் பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பையன் அவனுடைய அப்பாவோடு வந்திருந்தான். கையில் லைசென்ஸ், ஏ.டி.ஆர். கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம். என்ன படித்துக்கொண்டு போகட்டும் என்றான். விமானத்தைப் பற்றி அங்கே படித்துக்கொள்ளலாம், முதலில் மாதக்கணக்கில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் ஒதுக்கி வை என்றேன். மாலை ஏழு மணிக்கு உறங்கப் பழகு. சுவரில் ஒட்டுகிற படத்தை இப்போதே வாங்கி, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாகச் சொல். எதிரில் யார் இருந்தாலும் கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொல்லப் பழகு. அப்பா சிரித்துவிட்டார். “தம்பி, இவன் வீட்டுல வாயே தொறக்க மாட்டான். நான் ஒண்ணு சொன்னா மறுபேச்சு கெடையாது” என்று பெருமையாகச் சொல்லி, எட்டரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

பையன் கடிகாரத்தைப் பார்த்தான். “அப்பா, பஸ்ஸு எட்டு அஞ்சுக்கு.”

“எட்டரைடா.”

“எட்டு அஞ்சுப்பா. போர்டுல பாத்தேன்.”

அப்பா செருப்பைத் தேடினார்.